ராயபுரம் முதல் எண்ணூர் வரை: ஏர் ரைஃபிள் பழக வருகிறவர்களுக்கு

துப்பாக்கி சுடுதல் பழக ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" இந்தக் கட்டுரையில் அதற்கான பதில் பிற்பகுதியில்தான் வரும். நம் பக்கத்தில் இந்த விளையாட்டைப் பாதியில் விட்டவர்களைப் பார்த்தால், குறி சரியில்லை என்று விட்டவர்கள் குறைவு. அவசரப்பட்டு வாங்கிவிட்டு, வீட்டில் வைக்க இடமில்லாமல், ரேஞ்சுக்கு (சுடப் பழகும் கூடத்துக்கு) எடுத்துப்போக வழி தெரியாமல், அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்கி விட்டவர்கள்தான் அதிகம். அதனால் வாங்குவதைத் தள்ளிவையுங்கள். மற்றதை முதலில் பார்ப்போம்.

எது நம் விளையாட்டு

பெரும்பாலோர் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில், இல்லையென்றால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். இரண்டிலும் வெடிமருந்து கிடையாது. அடைத்த காற்றுதான் 4.5 மி.மீ. ஈயப் பெல்லட்டைத் தள்ளுகிறது. ரைஃபிள் டார்கெட்டில் முழு மதிப்பெண்ணான பத்துக்கான புள்ளி வெறும் அரை மி.மீ. பிஸ்டலுக்குப் பத்தின் வட்டம் 11.5 மி.மீ. "அப்போ பிஸ்டல் சுலபம்" என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ரைஃபிளுக்கு ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று உடம்பைத் தாங்கப் பல சாமான்கள் உண்டு. பிஸ்டலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடிக்க வேண்டும், தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. செலவு என்று பார்த்தால் பிஸ்டலில் சாமான் குறைவு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் ரைஃபிளைப் பற்றித்தான்.

அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் நின்றது இதே போட்டியில். வீட்டில் "இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்று கேட்டால் இந்த மூன்று பெயர் போதும்.

சட்டம்

இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016 இரண்டும் இதற்குப் பொருந்தும். குழாயின் விட்டம் 4.5 மி.மீ.க்கு மிகாமல், பெல்லட் வெளிவரும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமல் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். போட்டிக்கான ரைஃபிள் வெறும் ஏழெட்டு ஜூல்தான், ஆகவே அதில் சிக்கல் இல்லை. "பவர் ஜாஸ்தி, சூப்பரா அடிக்கும்" என்று 5.5 மி.மீ. துப்பாக்கியை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். போட்டியிலும் அதைச் சேர்க்கமாட்டார்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்றால் காகிதமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. முறையான டீலரிடம் அடையாள அட்டை, முகவரிச் சான்று கொடுத்து வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கைமாற்றில், பில் இல்லாமல், "தெரிஞ்ச பையன்தான்" என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. காக்காய், புறா, அணில், நாய் என்று உயிருள்ள எதையும் சுடக் கூடாது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஒரு பக்கம் இருக்கட்டும். வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் மாடிக்கு மாடி பந்தயப் புறா வளர்க்கிறார்கள். ஒரு புறா திரும்பி வரவில்லை என்றால், தெருவில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒரே வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள். மாடியில் சுடவே மாட்டார் என்ற பெயரை முதல் நாளிலிருந்தே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ரேஞ்ச் தேடுவது

சென்னையில் பழைய இடம் என்றால் சென்னை ரைஃபிள் கிளப். ஒரு சின்ன எச்சரிக்கை: 2021-இல் நடிகர் அஜித்குமார் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில் இருந்த கிளப்புக்குப் போகக் கிளம்பி, வாடகைக் கார் அவரை வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் இறக்கிவிட்டது பத்திரிகைகளில் வந்தது. அவருக்கே அப்படி என்றால் நமக்கும் நடக்கும். எந்த ரேஞ்சாக இருந்தாலும் போன் செய்து, இடத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கிளப் தவிர, ஏர் ரைஃபிள் மட்டும் கற்றுத்தரும் சின்னச் சின்னப் பயிற்சிக்கூடங்களும் உண்டு. பத்து மீட்டர் நீளமும் நல்ல பின்சுவரும் இருந்தால் போதும் என்பதால் கட்டடத்தின் மேல்தளத்தில்கூட நடத்துவார்கள். சேரும் முன் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பார்க்க வேண்டியது இவைதான்: டார்கெட் பக்கம் ஆள் போகும்போது எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துப் பின்னால் நகர்கிறார்களா? கீழே வைத்திருக்கும் துப்பாக்கிக் குழாயில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா? கோச் "ஸ்டாப்" என்றதும் கூடமே அமைதியாகிறதா? குழாயைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு பேசுகிற ஒருவரை யாரும் அதட்டவில்லை என்றால் ஃபீஸ் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள்.

டார்கெட் மாற்றும் முறையையும் கேளுங்கள். சில இடங்களில் காகித டார்கெட்டைக் கயிற்றுக் கப்பியில் இழுத்து மாற்றுவார்கள். சில இடங்களில் எலக்ட்ரானிக், திரையில் உடனே புள்ளி தெரியும். ஆரம்பத்தில் காகிதம் நல்லது என்பது என் கட்சி. திரை ஒவ்வொரு குண்டுக்கும் மார்க் போட்டு ஆசை காட்டும். காகிதத்தில் பத்து குண்டு சுட்டுவிட்டு எல்லாத் துளையையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும், அப்போதுதான் குரூப்பிங், அதாவது துளைகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுவது, என்றால் என்ன என்று புரியும்.

முதல் சில மாதம்: கிளப் துப்பாக்கியே போதும்

தீவுத்திடல் பொருட்காட்சியிலும் மெரினாவிலும் பலூன் சுட்ட அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே ஒரு கண்ணை இறுக மூடி, மூச்சை முழுக்கப் பிடித்து, விசையைப் படக்கென்று இழுப்போம். இங்கே மூன்றும் தப்பு.

முதலில் எந்தக் கண் உங்கள் கண் என்று பாருங்கள். கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சின்ன ஓட்டை விட்டு, தூரத்தில் இருக்கிற ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது ஸ்விட்ச் தெரிகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலதுகைக்காரருக்கு இடதுகண் ஆதிக்கம் என்றால் கோச்சிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்ற கண்ணை மூட வேண்டாம், அதன் முன்னே ஒரு வெள்ளைத் தடுப்பு வைத்தால் போதும். கண்ணை இறுக்கினால் முகமே இறுகும், பார்க்கும் கண்ணும் சோர்ந்துவிடும்.

அடுத்தது நிற்பது. டார்கெட்டுக்குப் பக்கவாட்டாக, தோள் அகலத்துக்குக் கால் வைத்து, இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். துப்பாக்கியின் கனத்தைத் தசை சுமக்கக் கூடாது, எலும்பு சுமக்க வேண்டும். சரியாக நிற்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறங்கள். குறி இடது பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்து வைத்த குறி விசை விடும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடும்.

பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு: விதிப்படி ரைஃபிள் ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். அந்தக் கனத்தைச் சின்ன உடம்பில் ஏற்ற அவசரப்படாதீர்கள். ஸ்டாண்டில் துப்பாக்கியைத் தாங்கவைத்துத் தொடங்கும் கோச் நல்ல கோச். ரைஃிளோடு நிற்கும்போது முதுகு எப்போதும் ஒரே பக்கம் வளைவதால் எதிர்ப்பக்கத்துக்கான உடற்பயிற்சியும் கட்டாயம்.

ஒரு குண்டு

இதை மெதுவாகப் படியுங்கள், விளையாட்டே இதற்குள்தான் இருக்கிறது.

டப்பாவிலிருந்து பெல்லட்டை எடுத்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்கும், பின்னால் மெல்லிய பாவாடை மாதிரி விளிம்பு. அந்த விளிம்பு நசுங்கியிருந்தால் ஓரமாக வைத்துவிடுங்கள், அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டைவிரலால் பெல்லட்டைக் குழாயில் பதமாக உட்காரவைத்து மூடுங்கள். துப்பாக்கியை மேலே தூக்கி, கன்னத்தைக் கட்டையில் வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடம். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்சைட்டின் (பீப் சைட்) சின்னத் துளை வழியே பார்த்தால் முன்னால் ஒரு வளையம், அதற்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம், இரண்டுக்கும் இடையே வெள்ளை. அந்த வெள்ளை சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். புதியவர்கள் முன்வளையத்தைப் பெரியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வளையத்தில் ஆட்டம் பெரிதாகத் தெரிந்து பயம் வரும்.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்துங்கள். துப்பாக்கி ஆடும். ஆடாத துப்பாக்கி உலகத்தில் கிடையாது, ஒலிம்பிக்கிலும் ஆடும். ஆட்டம் குறுகும் நேரத்தில் விசையில் இருக்கும் விரல் நேர்பின்னாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கேரம் ஆடி ஆடிப் பழகிய நம்ம ஏரியா விரல்களுக்கு இதுதான் கஷ்டம், சுண்டத் துடிக்கும். சுண்டினால் குண்டு ஓரத்துக்குப் போகும். ஏழெட்டு நொடிக்குள் குண்டு போகவில்லை என்றால் இறக்குங்கள், மூச்சு வாங்குங்கள், மறுபடி தூக்குங்கள். இறக்கி வைக்கத் தெரிந்தவர்தான் தேறுவார். நேரம் பற்றிக் கவலை வேண்டாம்: எலக்ட்ரானிக் டார்கெட்டில் போட்டியின் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள்.

குண்டு போனபின்பும் ஒரு நொடி குறியிலேயே இருங்கள். பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் சொச்சம்தான் போகும். அது குழாயை விட்டு வெளியேறும் முன் நீங்கள் தலையைத் தூக்கினால் குழாயும் கூடவே நகரும்.

துளைகள் எல்லாம் இடது கீழே ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். சைட்டை வலதும் மேலும் நகர்த்தினால் குரூப் நடுவுக்கு வந்துவிடும், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்சைட்டும் அதே பக்கம். துளைகள் சிதறியிருந்தால் சைட்டைத் தொடாதீர்கள். கோளாறு சைட்டில் இல்லை.

வீட்டில் பயிற்சி, ஒரு பெல்லட்கூட இல்லாமல்

பத்து மீட்டர் நீளமுள்ள வீடு நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஹவுசிங் போர்டு வீட்டில் ஹாலும் சமையலறையும் சேர்ந்தால் ஆறு மீட்டர் வந்தாலே அதிகம். பரவாயில்லை, வீட்டில் சுட வேண்டியதே இல்லை. செய்ய வேண்டியது ஹோல்டிங், அதாவது சுடாமல் குறியைப் பிடித்தபடி நிற்பது.

ரைஃபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. மூன்று மீட்டரில் நிற்கிறீர்கள் என்றால் சுமார் 9 மி.மீ. கறுப்பு வட்டம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள், ஐந்து மீட்டர் என்றால் 15 மி.மீ. கண்ணுக்கு அதே அளவுதான் தெரியும். வட்டத்தின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், ரேஞ்சிலும் அதுதான் உயரம். காலி துப்பாக்கியோடு, இல்லையென்றால் அதே கனத்துக்கு மணல் கட்டிய ஒரு கட்டையோடு, தினம் இருபது நிமிடம் நிற்பது போதும். கட்டையோடு நிற்பதைக் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

துப்பாக்கி இருந்தால் விசைப் பயிற்சியும் செய்யலாம். காற்று உருளை உள்ள போட்டி ரைஃபிள்களில் காற்றுப் போகாமல் விசையை மட்டும் பழக வசதி இருக்கும். உருளை இல்லாமல், உள்ளே ஸ்ப்ரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் ஸ்ப்ரிங் ரைஃபிளில் பெல்லட் இல்லாமல் விசையை விடாதீர்கள், பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். பயிற்சிக்கு முன் பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு வருவது கட்டாயம். "காலின்னு நெனச்சேன்" என்ற வார்த்தைக்கு இந்த விளையாட்டில் இடமே இல்லை.

மொட்டைமாடியில் சுடலாமா என்று கட்டாயம் கேட்பீர்கள். கூடாது. பெல்லட் நூறு மீட்டரைத் தாண்டியும் போகும். அடுத்த மாடியில் காத்தாடி விடும் பிள்ளைகள், துணி காயப்போடும் அக்கா, எல்லோரும் அந்தத் தூரத்துக்குள்தான்.

சாமான் வாங்கும் வரிசை

ரேஞ்சில் பழகிய பிறகு, துப்பாக்கிக்கு முன்னால் வாங்க வேண்டியவை உண்டு. முதலில் ஷூ. அடிப்பாகம் தட்டையான சுடுதல் ஷூ போட்டதும் நிற்பதில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். அடுத்து இடதுகைக் கையுறை. அதற்கப்புறம் ஜாக்கெட், உங்கள் உடம்பு அளவுக்குத் தைத்தது. வேறொருவரின் பழைய ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், இடுப்பில் தொளதொள என்று நின்று எந்த வேலையும் செய்யாது. பேன்ட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் ஜாக்கெட் ஒரு தனிக் கதை. உள்ளே மெல்லிய பனியன் போதும். ரேஞ்சில் சுடும் இடத்துக்கு வந்தபின் மாட்டுங்கள், இடைவேளையில் பொத்தானைக் கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்தால் துணி தளரும், விறைப்புப் போய்விடும். துவைக்கக் கூடாது, மாடி வெயிலிலும் போடக் கூடாது. ஃபேனுக்குக் கீழே அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடு.

இப்போது ரைஃபிள். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர், அன்ஷுட்ஸ் என்ற வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள்கள் இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும். பிரிசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்புகள் அதைவிட வெகு மலிவு, ஆரம்பநிலைப் போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். கடன் வாங்கி வெளிநாட்டு ரைஃபிள் எடுக்க வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரன். கிளப் துப்பாக்கியில் உங்கள் ஸ்கோர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று, கோச்சும் "இனி சாமான்தான் தடை" என்று சொன்னால் அப்போது யோசியுங்கள். பெல்லட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், ஆனால் பயிற்சிக்கு போட்டிக்கான விலையுயர்ந்த மேட்ச் பெல்லட்டும் தேவையில்லை. எந்த பிராண்டை உங்கள் குழாய் விரும்புகிறது என்று சுட்டுப் பார்த்து, அதையே தொடர்ந்து வாங்குங்கள்.

காற்று நிரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டி ரைஃபிளின் உருளை 200 பார் அழுத்தம் வாங்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் அதற்குக் கிட்டேயே வராது. கைப்பம்பு, இல்லையென்றால் முக்குளிப்பவர்கள் வைத்திருக்கும் காற்று சிலிண்டர், இவைதான் வழி. துறைமுகப் பக்கம் வெல்டிங் பட்டறைகள் ஏராளம், "ஆக்சிஜன் இருக்குது, அடிச்சுக்கோ" என்று யாராவது உதவிக்கு வரலாம். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள். அந்த அழுத்தத்தில் துளி எண்ணெய்ப் பசை இருந்தால்கூட வெடிக்கும், உயிர் போகிற விஷயம்.

எடுத்துப்போவதும் வைத்திருப்பதும்

பெட்டி நீளமாக இருக்கும். ஷேர் ஆட்டோவில் "இன்னாபா, கிடாரா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு விடுங்கள். துப்பாக்கி என்று சொல்லி அந்தப் பயணத்தைப் பேட்டியாக்க வேண்டாம், திறந்து காட்டவே வேண்டாம். மெட்ரோவில் பையை ஸ்கேன் செய்வார்கள், ஆயுதம் கொண்டுபோகத் தடை உண்டு. விம்கோ நகரிலிருந்து எழும்பூர் போவதற்கு அது எவ்வளவு வசதியாக இருந்தாலும், ரைஃபிளோடு போகும் நாளுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ என்பதுதான் நடைமுறை. வேறு வழியே இல்லாதவர்கள் ரேஞ்சிலேயே லாக்கர் கேளுங்கள், சில இடங்களில் தருவார்கள்.

பெட்டியில் பில் நகல், கிளப் அட்டை, அடையாள அட்டை மூன்றும் எப்போதும் இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் மூலைக்கு மூலை வண்டியை மறித்துச் சோதிப்பார்கள். போலீஸ் கேட்டால் முதலில் காகிதத்தை நீட்டுங்கள், பெட்டியை அவர்கள் சொன்னபின் திறங்கள். உருளையைப் பைக் பெட்டியிலோ நிறுத்திய காரிலோ வெயிலில் விட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள்.

வீட்டில் பூட்டு உள்ள பெட்டியில் துப்பாக்கி, வேறு இடத்தில் பெல்லட், சாவி உங்களிடம். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் துரு இலவசம். ரேஞ்சிலிருந்து வந்ததும் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்க இரும்பைத் துடையுங்கள், கைரேகை பட்ட இடத்தில்தான் முதலில் பிடிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். எண்ணெயைக் காற்று அறைக்குள்ளோ குழாய்க்குள்ளோ விடாதீர்கள். ஸ்ப்ரிங் ரைஃபிளில் உள்ளே போன எண்ணெய் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு பட்டாசு மாதிரி சத்தம் போடும், சீலும் போகும்.

பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொடாதீர்கள். பெல்லட்டைப் பல்லில் கடித்து வைத்துக்கொள்ளும் ஸ்டைலும் வேண்டாம்.

மணலி, எண்ணூர் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு: ஷிப்ட் முடிந்து நேராக ரேஞ்சுக்குப் போவதில் பயன் இல்லை. தூக்கமில்லாத உடம்பு ஆடும், நீங்கள் அதைத் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொள்வீர்கள். சுடும் முன் ஸ்ட்ராங் டீயும் கையை நடுங்கவைக்கும், பின்னால் குடியுங்கள்.

போட்டிக்குப் போவதென்றால்

கிளப் உறுப்பினராகி, மாநிலச் சங்கத்தின் மூலம் மாநிலப் போட்டி, அங்கே தகுதி மதிப்பெண் எடுத்தால் அடுத்த கட்டம், அதற்கும் மேலே தேசியப் போட்டி என்று ஏணி போகிறது. தேசிய அமைப்பான இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் மாவலங்கர் பெயரில்தான் அந்த நடுப்படிப் போட்டியும் நடக்கிறது. சர்வதேச விதிப்படியான பிரிவோடு, தேசிய விதிப்படியான பிரிவும் உண்டு, முதல் போட்டிக்குப் பின்னதில் பெயர் கொடுப்பதே நல்லது. படிவம், கடைசித் தேதி எல்லாம் கிளப் அலுவலகத்தில் கேளுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பெயர் கொடுத்தவுடன் சாமான்களை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். துப்பாக்கியின் எடை, ஜாக்கெட்டின் விறைப்பு, கண் தடுப்பின் அகலம் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பலர் மறப்பது காற்று உருளை. அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியிலிருந்து பத்து ஆண்டு தாண்டியிருந்தால் போட்டியில் அதைப் பயன்படுத்த விடமாட்டார்கள். பழைய ரைஃபிளை வாங்குகிறவர்கள் விலை பேசும் முன்னாலேயே உருளையைத் திருப்பி அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள், புது உருளையின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம்.